எக்ஸ்2ஏ என்னும் தாய்வழிக் கிளை: அமெரிக்கப் பூர்வகுடிகளின் மரபுத்தடத்தைப் படிக்கத் தொடங்குவோருக்கு

அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடி மக்களிடம் காணப்படும் தாய்வழி மரபுக் கிளைகள் பெரும்பாலும் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்னும் ஐந்து எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் நான்கின் உறவுக் கிளைகள் கிழக்காசியாவிலும் சைபீரியாவிலும் வாழும் மக்களிடம் இருப்பதால், அவை வந்த திசையைப் பற்றிப் பெரிய சச்சரவு எழவில்லை. ஐந்தாவதான எக்ஸ்தான் தொல்லை கொடுத்தது. அதே எழுத்தைத் தாங்கிய கிளைகள் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இருந்தமையால், அட்லாண்டிக் பெருங்கடலைப் பனியுகத்தில் யாரோ கடந்தார்கள் என்றும், காணாமற்போன இசுரவேல் குலங்கள் அமெரிக்காவைச் சென்றடைந்தன என்றும் பல கதைகள் கிளம்பின. அவை இன்றும் ஓயவில்லை.

தாய்வழி மரபைப் படிக்கத் தொடங்குபவருக்கு இந்தக் கிளையைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை என்பது என் கருத்து. புதியவர்கள் செய்யக்கூடிய பிழைகள் அனைத்தும் இந்த ஒரு கிளையின் வரலாற்றிலேயே நடந்து முடிந்திருக்கின்றன. பழைய தமிழ் நூல்கள் இம்மக்களைச் செவ்விந்தியர் என்று எழுதின. இங்கே பூர்வகுடிகள் என்ற சொல்லையே கையாள்கிறேன்.

முதற்படி: எந்த டி.என்.ஏ.வைப் பற்றிப் பேசுகிறோம்?

டி.என்.ஏ.வின் நான்கு வகை வேதி அலகுகளை எழுத்துகள் என்று சொல்வது வழக்கம். நம் உயிரணுவின் உட்கருவில் ஒவ்வொன்றும் சுமார் 300 கோடி எழுத்துகள் நீளமுள்ள இரண்டு டி.என்.ஏ. தொகுதிகள் இருக்கின்றன, ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. உட்கருவுக்கு வெளியே, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்குள், 16,569 எழுத்துகளே கொண்ட சிறிய வளைய வடிவ டி.என்.ஏ. ஒன்று தனியே இருக்கிறது. பாடநூல்களில் இவ்வுறுப்பை இழைமணி என்று படித்திருப்பீர்கள். அந்த வளையத்தில் உள்ள மரபணுக்கள் 37. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது.

நம் உறவுமுறைச் சொற்களைக் கொண்டு இதை எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் உள்ள இழைமணி டி.என்.ஏ. உங்கள் அம்மாவிடமும், பெரியம்மாவிடமும், சித்தியிடமும், அவர்களுடைய பிள்ளைகளிடமும் இருக்கும். தாய்மாமனிடமும் அதுவே இருக்கும். ஆனால் மாமன் மகளிடம் இராது, ஏனெனில் அவளுக்கு அது தன் தாயிடமிருந்து வந்தது. அத்தையிடம் இருப்பது உங்கள் தந்தையிடம் இருப்பதுதான். அது உங்களுக்கு வந்து சேரவில்லை.

இதிலிருந்து ஒரு கணக்கையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் உங்கள் குடிவழிப் பட்டியலில் 1,024 இடங்கள் உண்டு. தாய்வழி டி.என்.ஏ. அவற்றுள் ஒரேயொரு இடத்தில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மற்ற 1,023 இடங்களைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு செய்தியையும் இந்த எல்லைக்குள் வைத்தே படிக்க வேண்டும்.

இரண்டாம் படி: பெயரைக் கடைசி எழுத்துவரை படித்தல்

ஒரே தாயிடமிருந்து கிளைத்து, குறிப்பிட்ட சில மாற்றங்களைப் பொதுவாகக் கொண்ட வரிசைகளின் (டி.என்.ஏ. எழுத்துகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும் ஒழுங்கை வரிசை என்கிறோம்) தொகுதியை ஹாப்லோகுரூப் என்பார்கள். மரபுக்குழு என்றோ, கிளை என்றோ நாம் சொல்லலாம். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் வரிசைகளுக்கே முதன்முதலில் சூட்டப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. உலகின் பிற பகுதிகளை ஆராய்ந்தபோது அடுத்தடுத்த எழுத்துகள் சேர்ந்தன. ஆகவே ஏ என்பது மிகப் பழையது என்றோ, எக்ஸ் என்பது கடைசியில் தோன்றியது என்றோ பொருளில்லை. அகரவரிசை இங்கே ஆய்வு நடந்த வரிசையைக் காட்டுகிறதேயன்றி, மனிதர்கள் பிரிந்த வரிசையைக் காட்டவில்லை.

உண்மையான வரிசையை அறிய மரத்தைப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் ஏறத்தாழ எல்லா மனிதர்களின் தாய்வழியும் எம், என் என்னும் இரு பெருங்கிளைகளில் அடங்கும். சி, டி இரண்டும் எம்மிலிருந்து பிரிந்தவை. ஏ, எக்ஸ் இரண்டும் என்னிலிருந்து பிரிந்தவை. பி, என்னின் உட்கிளையான ஆர் வழியாக வந்தது. தென்னிந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படுவது எம் கிளை. அந்த வகையில், மிகத் தொலைவான ஒரு காலத்தில், நம்மில் பலருடைய தாய்வழியும் பூர்வகுடிகளின் சி, டி வழிகளும் ஒரே பெருங்கிளையிலிருந்து பிரிந்தவை. இதற்கு மேல் அந்தத் தொடர்பில் ஒன்றும் இல்லை; அதைக் கொண்டு உறவு கொண்டாடக் கிளம்பிவிடக் கூடாது.

பெயரில் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும்; ஒவ்வொன்றும் மரத்தில் ஒரு படி கீழே இறங்குவதைக் குறிக்கும். எக்ஸ் முதலில் எக்ஸ்1, எக்ஸ்2 எனப் பிரிகிறது. எக்ஸ்1 வட ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகிய பகுதிகளுக்குரியது. எக்ஸ்2 ஐரோப்பா, மேற்காசியா, நடு ஆசியா என விரிந்து கிடக்கிறது. அந்த எக்ஸ்2இன் பல பிள்ளைகளுள் ஒன்றுதான் எக்ஸ்2ஏ. அது வட அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கே உரியது. முகவரியில் மாவட்டத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பவரைப் போன்றவர், எக்ஸ் என்ற எழுத்தோடு நின்றுவிடும் வாசகர். இந்தக் கிளையைச் சுற்றி எழுந்த கதைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பிழையில் பிறந்தவை.

மூன்றாம் படி: மாற்றப் பட்டியலைப் படித்தல்

ஒருவருடைய பரிசோதனை முடிவையோ ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையையோ திறந்தால், 16,569 எழுத்துகளையும் அங்கே காணமாட்டீர்கள். ஒரு மேற்கோள் வரிசையோடு ஒப்பிட்டு, அதிலிருந்து வேறுபடும் இடங்களின் எண்களை மட்டுமே கொடுத்திருப்பார்கள். அந்த மேற்கோள் வரிசை 1981ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் படித்து வெளியிடப்பட்டு, 1999இல் திருத்தப்பட்டது. எழுத்தெண்கள் குழம்பிவிடாமல் இருப்பதற்காக, தவறுதலாகச் சேர்ந்துவிட்ட 3107ஆம் இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைத்திருக்கிறார்கள்.

இங்கே புதியவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேற்கோள் வரிசை மனித குலத்தின் மூல வரிசை அன்று. ஐரோப்பாவில் மிகுதியாக உள்ள எச் கிளையின் சிறிய உட்பிரிவு ஒன்றைச் சேர்ந்தது. எனவே 263, 750, 1438, 4769, 8860, 15326 ஆகிய இடங்கள் உலகில் ஏறத்தாழ எல்லாருடைய பட்டியலிலும் வேறுபாடுகளாகத் தோன்றும். மாறியிருப்பது மேற்கோள் வரிசைதான். இந்த ஆறு எண்களை ஏதோ அரிய அடையாளங்கள் என்று நானும் தொடக்கத்தில் குறித்து வைத்தது உண்டு. மரத்தின் வேரிலிருந்து எண்ணும் மற்றொரு மேற்கோள் வரிசையும் 2012இல் முன்மொழியப்பட்டது. கையிலுள்ள பட்டியல் எதனோடு ஒப்பிட்டு எழுதப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 309, 315 ஆகிய இடங்களுக்குப் பின் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் சி எழுத்துகளையும், அடிக்கடி மாறும் 16519ஆம் இடத்தையும் கிளை காணும் வேலையில் ஒதுக்கிவிடலாம்.

இனி, மேலிருந்து கீழே இறங்குவோம். 6221, 6371, 13966, 14470 ஆகிய இடங்களில் மாற்றம் இருந்தால் நீங்கள் எக்ஸ் கிளையில் நிற்கிறீர்கள். அத்துடன் 195, 1719 ஆகியவையும் இருந்தால் எக்ஸ்2. அதற்கும் கீழே 200, 8913, 14502, 16213 ஆகிய இடங்களும் மாறியிருந்தால்தான் எக்ஸ்2ஏ. ஏ8913ஜி என்று எழுதியிருந்தால், 8913ஆம் இடத்தில் ஏ என்னும் டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஜி இருக்கிறது என்று பொருள்; இவை கிளைகளின் பெயர்கள் அல்ல. எக்ஸ்2 வரை வந்து, கடைசித் தொகுதி இல்லாமற்போனால், அந்த வரிசை அமெரிக்கப் பூர்வகுடிக் கிளையைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. எக்ஸ்2பி, எக்ஸ்2சி போன்ற பழைய உலகக் கிளைகளில்தான் அதைத் தேட வேண்டும்.

பழைய கட்டுரைகளில் 16000க்கு மேற்பட்ட எண்கள் மட்டுமே இருப்பதைக் காண்பீர்கள். மாற்றங்கள் விரைவாக நேரும் கட்டுப்பாட்டுப் பகுதியை மட்டும் படித்துவந்த காலத்தவை அவை. 16189, 16223, 16278 மூன்றும் சேர்ந்திருந்தால் எக்ஸ் என்று அப்போது ஊகித்தார்கள். ஆனால் 16189 பல கிளைகளில் தனித்தனியே மாறக்கூடிய இடம். அதை நம்பி மட்டும் முடிவுகட்டுவது ஆபத்து. 2000க்குப் பிறகு முழு வரிசைகளைப் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் எக்ஸ்2ஏ தனிக்கிளை என்பது ஐயமின்றி நிலைபெற்றது.

எண்களைக் கையால் தேடிச் சலிப்பவர்களுக்கு ஹாப்லோகிரெப் என்னும் இணையக் கருவி உதவும். பட்டியலைக் கொடுத்தால் கிளையைச் சொல்லும். அது சார்ந்திருக்கும் ஃபைலோட்ரீ என்னும் மரத்தின் 17ஆம் பதிப்பு 2016இல் வந்தது. மரம் திருத்தப்படும்போது பெயர்களும் மாறும் என்பதால், கிளையின் பெயரோடு மரத்தின் பதிப்பு எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

நான்காம் படி: எங்கே, யாரிடம், எத்தனை பேரிடம்?

எக்ஸ்2ஏ இன்று வட அமெரிக்காவில் மட்டுமே காணப்படுகிறது; தென் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் இல்லை. பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களிடம் நடந்த ஆய்வில் சுமார் நான்கில் ஒரு பங்கினரிடம் எக்ஸ் இருந்தது. கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவின் நூச்சாநூல்த் மக்கள், வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கமா மக்கள், தென்மேற்கின் நவஹோ மக்கள் ஆகியோரிடம் அதைவிடக் குறைந்த அளவில் உண்டு. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 3 விழுக்காடுதான்.

இத்தகைய எண்களைப் படிக்கும்போது அவை எத்தனை பேரைச் சோதித்துப் பெறப்பட்டவை என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஐம்பது, அறுபது பேரைக் கொண்டு ஒரு மக்களின் விழுக்காட்டைக் கணக்கிட்டால், ஒரே குடும்பத்து அக்காள் தங்கையர் சிலர் சேர்ந்துவிட்டாலே எண் ஏறிவிடும். அதைவிடப் பெரிய தடை வரலாற்றில் இருக்கிறது. 1492க்குப் பின் அம்மை, போர், இடப்பெயர்ப்பு ஆகியவற்றால் பூர்வகுடிகளின் தொகை பேரழிவுக்குள்ளானது. கொலம்பசுக்கு முற்பட்ட தென் அமெரிக்கர் 92 பேரின் முழு இழைமணி வரிசைகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில் 84 தனித்தனி வரிசைகள் அடையாளம் காணப்பட்டன; அவற்றுள் ஒன்றுகூட அன்று கிடைத்த தற்கால வரிசைகளோடு பொருந்தவில்லை. இன்றைய பரவலை வரைபடத்தில் வண்ணமடித்துவிட்டு, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் இப்படித்தான் இருந்தது என்று எவராவது சொன்னால், அந்த 84ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு வாதமும் அடிக்கடி காதில் விழும்: பேரேரிப் பகுதிக்கு வந்த பிரெஞ்சுத் தோல் வணிகர்கள் பூர்வகுடிப் பெண்களை மணந்தார்கள், அந்தக் கலப்பில் எக்ஸ் வந்திருக்கும் என்பது. முதற்படியில் படித்ததைக் கொண்டே இதற்கு நீங்கள் விடை சொல்லிவிடலாம். வந்தவர்கள் ஆண்கள், அவர்களுடைய இழைமணி டி.என்.ஏ. அவர்களோடு முடிந்துபோயிற்று. மேலும் கொலம்பசுக்குச் சுமார் இரண்டு நூற்றாண்டுகள் முற்பட்ட இல்லினாய் மாநிலத்து இடுகாடு ஒன்றிலும் எக்ஸ் வரிசை கிடைத்திருக்கிறது.

ஐந்தாம் படி: மூன்று காலங்களைக் கலக்காமல் வைத்தல்

இழைமணி வரிசையில் மாற்றங்கள் ஏறத்தாழச் சீராகச் சேர்கின்றன என்ற அடிப்படையில் கிளைகளின் வயதைக் கணக்கிடுகிறார்கள். முழு வரிசைக்குச் சராசரியாக 3,600 ஆண்டுகளுக்கு ஒரு மாற்றம் என்பது 2009 முதல் பரவலாகக் கையாளப்படும் ஒரு மதிப்பு. இரண்டு மாற்றங்கள் கூடினாலோ குறைந்தாலோ ஏழாயிரம் ஆண்டுகள் நகர்ந்துவிடும் என்பதால், வயதைத் தனி எண்ணாக எழுதாமல், கட்டுரையில் கொடுத்திருக்கும் மேல் கீழ் எல்லைகளோடு எழுத வேண்டும்.

எல்லைகளைவிட முக்கியமானது எதன் வயது என்பது. எக்ஸ்2ஏ தன் உறவுக் கிளைகளிலிருந்து பிரிந்த காலம் ஒன்று. இன்று வாழும் எல்லா எக்ஸ்2ஏ வழியினருக்கும் பொதுவான தாய் வாழ்ந்த காலம் வேறொன்று. அந்த வழியினர் அமெரிக்க மண்ணில் கால்வைத்த காலம் மூன்றாவது. முதலாவது காலத்தில் அவர்கள் ஆசியாவில் எங்கோ இருந்திருக்கலாம், மூன்றாவதை டி.என்.ஏ. தனியாகச் சொல்லவே முடியாது, தொல்லியல் துணை வேண்டும். செய்திக் கட்டுரைகள் இந்த மூன்றையும் ஒன்றாக்கி, "இத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்தார்கள்" என்று எழுதிவிடுகின்றன. குறிப்பேட்டில் மூன்றுக்கும் தனித்தனி வரி ஒதுக்குங்கள். தெரியாத வரியை வெறுமையாக விடுங்கள்.

ஆறாம் படி: பழைய எலும்புகள் சொல்வதைச் சேர்த்துப் படித்தல்

1996 ஜூலை 28 அன்று, வாஷிங்டன் மாநிலத்தின் கென்னவிக் நகரில், கொலம்பியா ஆற்றில் நடந்த படகுப் பந்தயத்தைப் பார்க்க வந்த இரு மாணவர்கள் கரையோர நீரில் ஒரு மண்டையோட்டைக் கண்டார்கள். தொடர்ந்து ஏறத்தாழ முழுமையான ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. இடுப்பெலும்பில் கல் ஈட்டிமுனை ஒன்று புதைந்து, அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து ஆறியிருந்தது. காலக்கணிப்பின்படி அவர் இன்றைக்குச் சுமார் 8,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்.

மண்டையோட்டின் வடிவம் இன்றைய பூர்வகுடிகளைப் போல இல்லை என்று முதலில் பார்த்தவர்கள் கூறியதால், இவர் ஐரோப்பிய வழியினரோ என்ற பேச்சு செய்தித்தாள்களில் பரவியது. கோல்வில், யாக்கமா, உமட்டில்லா, நெஸ் பெர்ஸ், வனப்பம் ஆகிய மக்கள், பூர்வகுடிகளின் எலும்புகளை அவர்களிடமே ஒப்படைக்க வகைசெய்யும் 1990ஆம் ஆண்டின் சட்டத்தைக் காட்டி, அவர் தங்கள் முன்னோர், மீண்டும் அடக்கம் செய்யத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கோரினர். அறிவியலாளர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இன்றைய பூர்வகுடிகளோடு தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, ஆய்வுக்கு வழிவிட்டது.

2015இல் அவருடைய முழு மரபணுத்தொகுதி வெளியானபோது வாதம் தலைகீழாயிற்று. உலகின் வேறு எந்த மக்களைவிடவும் அவர் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கே நெருக்கமானவர், ஒப்பிடுவதற்கு டி.என்.ஏ. கொடுத்த கோல்வில் மக்களோடு நெருங்கிய தொடர்பும் தெரிந்தது. அவருடைய தந்தைவழி அமெரிக்காவில் பரவலாக உள்ள கியூ கிளை. தாய்வழி எக்ஸ்2ஏ. அதிலும், இன்று அறியப்பட்ட எக்ஸ்2ஏ வரிசைகள் எல்லாம் கிளைக்கும் அடித்தண்டில் அவருடைய வரிசை நிற்கிறது.

இதை வரைபடத்தோடு சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்2ஏ அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திருந்தால், மிகப் பழைய, கிளையின் அடியிலுள்ள வரிசை கண்டத்தின் கிழக்குப் பக்கத்தில் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ பசிபிக் பக்கத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில். ஒரே ஒருவரைக் கொண்டு இடப்பெயர்வின் பாதை முழுவதையும் வரைய முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் கையில் உள்ள சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் குழப்பமில்லை.

இன்றைய பரவலை மட்டும் நம்பிப் பாதையை வரைவதன் ஆபத்துக்கு இன்னொரு கிளை நல்ல எடுத்துக்காட்டு. டி4எச்3ஏ என்னும் தாய்வழிக் கிளை பசிபிக் கரை நெடுகிலும், தென் அமெரிக்காவின் தென்முனைவரை சிதறிக் கிடக்கிறது. ஆகவே 2009இல், டி4எச்3ஏ கரையோரப் பாதையிலும், எக்ஸ்2ஏ பனித்தகடுகளுக்கு இடைப்பட்ட உள்நாட்டுப் பாதையிலும் வந்தன என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. கேட்பதற்கு அழகான இணை. 2014இல் மொன்டானா மாநிலத்தின் அன்சிக் நிலத்தில் க்ளோவிஸ் என்னும் பழைய வட அமெரிக்கப் பண்பாட்டின் கற்கருவிகளோடு அடக்கம் செய்யப்பட்டிருந்த, சுமார் 12,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆண்குழந்தையின் மரபணுத்தொகுதி வெளியானது. கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், மலைகளுக்கு அப்பால் கிடந்த அக்குழந்தையின் தாய்வழி டி4எச்3ஏ. கரையோரக் கிளை என்ற பெயரை அதன் பிறகு யாரும் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

ஏழாம் படி: பெரிய கூற்றுகளை உட்கரு டி.என்.ஏ.வோடு மோதவிடுதல்

பனியுகத்தில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் வாழ்ந்த சொலூத்ரியன் பண்பாட்டினர் கடற்பனியின் விளிம்பைப் பிடித்து அமெரிக்காவுக்கு வந்தார்கள் என்பது சில தொல்லியலாளர்கள் முன்வைத்த கருதுகோள். அதற்குச் சான்றாக எக்ஸைக் காட்டுவார்கள். இதைச் சோதிக்கும் முறை எளியது. எக்ஸ்2ஏ ஐரோப்பாவில் உண்டா? இல்லை. ஐரோப்பாவில் உள்ள எக்ஸ்2 உட்கிளைகள் கொலம்பசுக்கு முற்பட்ட அமெரிக்க எலும்புகளில் கிடைத்தனவா? இல்லை. கென்னவிக் மனிதரின் உட்கரு டி.என்.ஏ.வில் ஐரோப்பியத் தொடர்பு தனியாகத் தெரிகிறதா? அதுவும் இல்லை. மூன்று கேள்விக்கும் ஒரே விடை வந்தபின், எழுத்து ஒற்றுமை ஒன்றே எஞ்சுகிறது.

எதிர்த்தரப்பிலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2001இல் தெற்குச் சைபீரியாவின் அல்த்தாய் மக்களிடம் எக்ஸ் கண்டறியப்பட்டதும், விடுபட்ட கண்ணி கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். முழு வரிசைகளைப் படித்தபோது அவை எக்ஸ்2இ என்னும் வேறு உட்கிளை என்றும், எக்ஸ்2ஏவுக்குத் தாய் அல்ல என்றும் தெரிந்தது. அவர்களும் மாவட்டத்தோடு நின்றுவிட்டவர்கள்தாம்.

அப்படியானால் மேற்கு யூரேசியத் தொடர்புள்ள கிளை அமெரிக்காவுக்கு வந்தது எப்படி? பைக்கால் ஏரிக்கு அருகில் மால்தா என்னுமிடத்தில் கிடைத்த, சுமார் 24,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிறுவனின் மரபணுத்தொகுதி இதற்கு வழிகாட்டியது. அவனுடைய மக்களுக்கும் பிற்கால மேற்கு யூரேசியர்களுக்கும் உறவு இருந்தது. அதே மக்களின் வழித்தோன்றல்கள் கிழக்காசிய வழியினரோடு கலந்து, அமெரிக்கப் பூர்வகுடிகளின் முன்னோராயினர். 14 முதல் 38 விழுக்காடுவரை பூர்வகுடி மரபு அந்தப் பழைய வட யூரேசிய மக்களிடமிருந்து வந்தது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. மேற்குத் தொடர்பைத் தேடிக் கடலைக் கடக்க வேண்டியதில்லை. அது சைபீரியாவிலேயே, நிலத்தின் மீதே இருந்தது. அந்தச் சிறுவனின் தாய்வழி எக்ஸ் அன்று, யு கிளை. ஆகவே அவனை எக்ஸ்2ஏவுக்கு நேரடிச் சான்றாகக் காட்டுவதும் பிழையாகும்.

இசுரவேல் குலங்களின் கதைக்குக் கணக்கே போதும். மேற்காசியாவின் துரூஸ் மக்களிடம் எக்ஸ் மிகுதி என்பது உண்மை. ஆனால் கென்னவிக் மனிதரின் எக்ஸ்2ஏ 8,500 ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடையது. பண்டைய இசுரவேல் அரசுகளோ அதற்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டவை. பின்னால் நடந்த ஒரு குடிபெயர்வு முன்னால் வாழ்ந்தவருக்குத் தாய்வழியைக் கொடுத்திருக்க முடியாது.

எட்டாம் படி: உங்கள் முடிவிலோ நண்பரின் முடிவிலோ எக்ஸ் வந்தால்

சில்லு முறையில் நடக்கும் மலிவான பரிசோதனைகள் வளையத்தில் சில நூறு அல்லது சில ஆயிரம் இடங்களை மட்டுமே பார்க்கின்றன. அவற்றில் எக்ஸ் என்றோ எக்ஸ்2 என்றோ வந்து நின்றிருந்தால், முழு வரிசைப் பரிசோதனை செய்யாமல் எந்த முடிவுக்கும் வரவேண்டாம். ஐரோப்பாவில் சுமார் 2 விழுக்காட்டினரிடம் எக்ஸ் இருப்பதால், வட அமெரிக்காவில் வாழும் ஐரோப்பிய வழியினர் பலரின் பட்டியலிலும் அது வரும். மூன்றாம் படியில் சொன்ன 200, 8913, 14502, 16213 ஆகியவற்றைத் தேடுங்கள்.

எக்ஸ்2ஏ உறுதியானாலும், ஒரு பூர்வகுடியின் உறுப்பினர் ஆகிவிட்டதாகப் பொருளில்லை. ஓர் எழுத்தும் இரண்டு குறிகளும் பல மக்களுக்குப் பொதுவானவை. அவை ஒஜிப்வே என்றோ நவஹோ என்றோ பெயர் சொல்லமாட்டா. அமெரிக்காவில் ஒவ்வொரு பூர்வகுடி அரசும் தன் உறுப்புரிமை விதிகளைத் தானே வகுக்கிறது. எடுத்துக்காட்டாக, செரோக்கி நேஷன் குடியுரிமைக்கு, டாஸ் பதிவேடுகள் எனப்படும் நூறாண்டுப் பழமையுள்ள பெயர்ப்பட்டியலில் இடம்பெற்ற முன்னோர் ஒருவரின் வழித்தோன்றல் என்பதை ஆவணங்களால் காட்ட வேண்டும், டி.என்.ஏ. முடிவு அதற்கு ஈடாகாது. மறுபுறம், தாய்வழி எச் கிளையாக வந்த ஒருவர் முழு உரிமையுள்ள உறுப்பினராக இருக்கலாம். மற்ற 1,023 இடங்கள் அவருக்கும் உண்டு.

ஒன்பதாம் படி: வரிசையைப் பொதுவில் இடுவதற்கு முன்

1990 வாக்கில் அரிசோனாவின் ஹவசுப்பாய் மக்கள், தங்களிடையே மிகுந்திருந்த நீரிழிவு நோய்க்குத் தீர்வு காணும் ஆய்வு என்று நம்பி, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். அந்த மாதிரிகள் பின்னர் மனநோய், உறவுத் திருமணம், பண்டைய குடிபெயர்வு ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டதை அறிந்து வழக்குத் தொடுத்தனர். 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய மாதிரிகளையும் திருப்பித் தந்தது. நவஹோ நேஷன் 2002 முதலே தன் நிலத்தில் மரபணு ஆய்வை நிறுத்திவைத்தது. பூர்வகுடிகளின் வரிசைகள் தரவுத்தளங்களில் குறைவாக இருப்பதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும் புதியவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் அறிந்திருக்க வேண்டும். கென்னவிக் வழக்கில் கோல்வில் மக்கள் தாங்களே முன்வந்து டி.என்.ஏ. கொடுத்ததும், அவர்களைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து அந்த ஆய்வு நடந்ததால்தான். "பழைய மனிதர்" என்று அவர்கள் அழைக்கும் கென்னவிக் மனிதர், 2017 பிப்ரவரியில், வெளியாருக்கு அறிவிக்கப்படாத ஓரிடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்.

உங்கள் சொந்த வரிசைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏறிய வரிசை உலகெங்கும் படியெடுக்கப்படும். பிறகு திரும்பப் பெறுவது நடைமுறையில் இயலாது. அந்த வரிசை உங்களுடையது மட்டும் அன்று. அதில் நோயோடு தொடர்புள்ள மாற்றம் ஏதேனும் இருந்தால், அது அம்மா, பெரியம்மா, சித்தி, தாய்மாமன், அவர்களுள் பெண்களின் பிள்ளைகள் என எல்லாருக்கும் உரிய செய்தி. பதிவேற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதிவேற்றும்போது பெயரையும் ஊரையும் நீக்கி, தாய்வழியில் அறிந்த மிகப் பழைய பாட்டி வாழ்ந்த பகுதியை மட்டும், மாநிலம் அல்லது நாடு என்ற அளவில், குறிப்பிடுங்கள்.